சாயம் ஒரே இடத்தில் போடுவது ரிஸ்க்தான்

வணக்கம்ங்க. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி, நூல் மூன்று மில்லில், சாயம் மட்டும் ஒரே பட்டறையில், எங்கே அடி விழும் என்று கேட்டிருந்தீர்கள். நூலை விடுங்க. ஒரு மில் கை விரித்தால் இன்னொன்று இருக்கிறது, விலைதான் கூடும்.

சாயத்தில்தான் சிக்கல். 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, தையல் மெஷினும் ஆளும் தயாராக இருந்தும் துணி வராமல் தவித்தவர்கள் ஏராளம்.

இப்போதே இரண்டாவது பட்டறையில் அதே நிறங்களுக்கு லேப் டிப் (சின்னத் துணித்துண்டில் சாய மாதிரி) போட்டு, பையரிடம் (சரக்கு வாங்குபவரிடம்) ஒப்புதல் வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில் மாற்றினால் ஷேட் பொருந்தாது. உடல் ஒரு நிறம், கை ஒரு நிறமாக வந்து நிற்கும். முக்கியமாக, அந்தப் பட்டறையின் கழிவுநீர் எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். இரண்டும் ஒரே நிலையம் என்றால் அது நிற்கிற அன்று இரண்டு பட்டறையும் நிற்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி எந்தத் தேதி வரை என்பதையும் காகிதத்திலேயே பாருங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

அப்புறம், பையர் கைகாட்டிய இடத்தில் மட்டுமே வாங்க வேண்டிய லேபிள், ஜிப் வகையறா. இதற்கு மாற்று வழி கிடையாது. உங்கள் ஆர்டர் உறுதியான அன்றே அவர்களிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.