பரணில் ஏறிய பூனையை இறக்காதீர்கள்

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்கு மூன்று வயது. போன தீபாவளியன்று முதல் சரவெடி வெடித்ததும் பரணில் ஏறியவன், மறுநாள் மாலைதான் இறங்கினான். இறக்கப் போன என் கணவரின் கையைக் கீறிவிட்டான். இந்த முறை காலையிலேயே எங்கள் தூக்க மாத்திரையில் கால் பங்கை உடைத்துக் கொடுத்துவிடலாம் என்கிறார் மாமியார். கொடுக்கலாமா? (வாசகி, திருச்சி)

கால்நடை மருத்துவர் பதில்: கூடாது. நம் மாத்திரையைக் காலாக உடைத்தாலும் அது பூனை மருந்து ஆகிவிடாது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலே பூனையைக் கொன்றுவிடும். அதைச் செரித்து வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலுக்கு மிகக் குறைவு. மிகவும் மிரளும் பூனைகளுக்கு நாங்கள் காபாபென்டின் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைத் தருவதுண்டு. எடையும் சிறுநீரக நிலையும் பார்த்துத்தான் அளவு. சத்தம் தொடங்க இரண்டு மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் முன்பே கொண்டு வந்தால், ஒருநாள் கொடுத்து எப்படி இருக்கிறான் என்று பார்த்துவிடலாம். தீபாவளிக்கு முந்தின இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கேட்டால் நான் என்ன செய்ய முடியும்?

சொல்லப்போனால், உங்கள் பூனை செய்தது சரிதான். கீச்சொலியைக் கேட்பதில் நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். அத்தனை சத்தத்துக்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஒளிந்துகொள்வது. அந்தப் பரணிலேயே ஓர் அட்டைப் பெட்டியைச் சாய்த்து வைத்து, நீங்கள் உடுத்திய, துவைக்காத பழைய சேலையை உள்ளே போடுங்கள். அறையின் ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் வானொலியையும் ஓட விடுங்கள். தண்ணீர், சாப்பாடு, மண் தட்டு மூன்றும் அதே அறையில் இருக்கட்டும். தானாக மடிக்கு வந்தால் தடவிக் கொடுங்கள். அதனால் பயம் கூடிவிடாது. வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

அறையை முதல் நாள் மாலையே சாத்திவிட வேண்டும். பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அரசு நேரம் குறித்திருக்கிறது. எண்ணெய்க் குளியல் முடித்து நாலரை மணிக்கே வெடிக்கும் பையன்கள் அதைப் பார்ப்பதில்லை. பலகாரத் தட்டோடு வருகிறவர்கள் திறந்துபோட்டு வரும் வாசல் கதவு இன்னொரு ஆபத்து. தப்பித் தவறி ஓடிவிட்டால் ஊரெல்லாம் அலைய வேண்டாம். சத்தம் அடங்கிய பிறகு, அக்கம்பக்கத்துக் கார்களின் அடியிலும் மாடிப்படிக்குக் கீழும் டார்ச் அடித்துப் பாருங்கள், கண் மின்னும்.

ஆண் பூனை என்பதால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். மிரட்சிக்குப் பின் சில ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்ளும். மண் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் மண் நனையவில்லை என்றால், பண்டிகை நாளானாலும் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு நாள் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அப்படியே.

கணவருக்கு ஒரு வார்த்தை: மறுபடி கீறல் பட்டால் மஞ்சள் பூசாமல், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியை அங்கே கேட்பார்கள். அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.