அண்ணா பல்கலைக்கழகம்: எந்தக் கோப்பு யார் மேசையில்? கேள்வி பதில்

இந்தப் பல்கலைக்கழகத்தின் விதிமுறைகளோடும் அலுவலகங்களோடும் பல வருஷம் புழங்கியவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். ‘அண்ணா யுனிவர்சிட்டியில் இப்படியாமே’ என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். எந்தக் கல்லூரி, எந்த வருஷம் சேர்ந்தது என்று இரண்டையும் சொல்லுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சார், என் பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. எல்லாரும் ‘அண்ணா யுனிவர்சிட்டி கிடைக்குமா’ன்னு கேக்கறாங்க. சொந்தக்காரப் பையனும் அண்ணா யுனிவர்சிட்டியில படிக்கறேன்னுதான் சொல்றான். ஆனா அவன் போறது ஊருக்குப் பக்கத்துல ஒரு தனியார் காலேஜ். எது நிஜம்?

ரெண்டும் நிஜம்தாங்க ஐயா. பேர் ஒன்று, உள்ளே அடுக்கு மூன்று.

கட்-ஆஃப் பற்றிப் பேசும்போது ஊர் சொல்கிற ‘அண்ணா யுனிவர்சிட்டி’ நான்கே இடங்கள்: கிண்டி பொறியியல் கல்லூரி (சி.இ.ஜி.), அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைக்கான எஸ்.ஏ.பி., குரோம்பேட்டை எம்.ஐ.டி. முதல் மூன்றும் கிண்டியில் ஒரே வளாகத்துக்குள். எம்.ஐ.டி. மட்டும் தனி வளாகம். ஆவணங்களில் இவை ‘பல்கலைக்கழகத் துறைகள்’.

அடுத்த அடுக்கு, பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் வெளியூர் வளாகங்கள். கோவை, மதுரை, திருநெல்வேலியில் மண்டல வளாகங்கள். திருச்சி பி.ஐ.டி. வளாகம், விழுப்புரம், திண்டிவனம், ஆரணி, பண்ருட்டி, பட்டுக்கோட்டை, திருக்குவளை, ராமநாதபுரம், நாகர்கோவில் என்று பல ஊர்களில் உறுப்புக் கல்லூரிகள்.

மூன்றாவது, இணைப்புக் கல்லூரிகள். உங்கள் சொந்தக்காரப் பையன் இங்கே இருக்கிறான். கட்டடம், ஆசிரியர், சம்பளம் எல்லாம் அந்த நிர்வாகத்துடையது. பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. இதில் தனியார் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கோவை ஜி.சி.டி. அரசுக் கல்லூரி, பி.எஸ்.ஜி. டெக் அரசு உதவி பெறும் கல்லூரி. இரண்டும் இணைப்புக் கல்லூரிகளே, இரண்டுக்கும் தன்னாட்சியும் உண்டு, அதாவது பாடத்திட்டமும் தேர்வும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். ‘கோவை அண்ணா யுனிவர்சிட்டி’ என்று தேடிக்கொண்டு ஜி.சி.டி. வாசலில் போய் நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அண்ணா, நான் ஒரு உறுப்புக் கல்லூரில மூணாம் வருஷம். யுனிவர்சிட்டி நேரடியா நடத்தற காலேஜ்னு சேர்ந்தேன். ஆனா சி.இ.ஜி. பசங்களுக்கு சிலபஸ் வேற, எக்ஸாம் வேற, ரிசல்ட் தேதி வேற. இது என்ன நியாயம்?

நியாயம் இருக்கோ இல்லையோ, காரணம் இருக்கு தம்பி. நான்கு வளாகத் துறைகளும் கிட்டத்தட்ட ஒரு தன்னாட்சிக் கல்லூரி மாதிரி இயங்குகின்றன. அவர்களுக்குத் தனி ரெகுலேஷன் (படிப்பு, தேர்வு விதிகள்), தனி பாடத்திட்டம். தேர்வைக் கவனிக்கவும் கூடுதல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என்று தனி ஆள் உண்டு. பாடம் எடுப்பவரே மதிப்பீட்டிலும் இருப்பார்.

உன் கல்லூரிக்கு முதலாளி பல்கலைக்கழகம்தான். ஆனால் பாடத்திட்டம் இணைப்புக் கல்லூரிகளுக்கானது. உன் மார்க் ஷீட்டில் ரெகுலேஷன் 2021 என்று இருந்தால், பக்கத்து ஊர் தனியார் கல்லூரிப் பையனும் நீயும் எழுதுவது ஒரே வினாத்தாள். விடைத்தாள் மண்டல மதிப்பீட்டு முகாமுக்குப் போகும், யார் திருத்தினார் என்று உனக்கும் தெரியாது, உன் ஆசிரியருக்கும் தெரியாது. பல்லாயிரம் பேருக்கு ஒரே நாளில் தேர்வு என்றால் வேறு வழியும் கிடையாது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், உறுப்புக் கல்லூரிகளை வளாகத் துறைகளின் பாடத்திட்டத்துக்குள் எப்போதோ கொண்டுவந்திருக்க வேண்டும். முடிவெடுக்கும் இடம் கல்விக்குழு, அதாவது அகாடமிக் கவுன்சில்.

கிண்டி வளாகத்துல 1794-ன்னு போட்டிருக்கு. யுனிவர்சிட்டி ஆரம்பிச்சது 1978-ன்னு சொல்றாங்க. எது சரி?

1794 கல்லூரியின் வயது. ஜார்ஜ் கோட்டையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி, 1859-ல் பொறியியல் கல்லூரியாகி, 1920-ல் கிண்டிக்குக் குடிவந்தது. அழகப்பா 1944, எம்.ஐ.டி. 1949, எஸ்.ஏ.பி. 1957. இந்த நான்கையும் சேர்த்து 1978 செப்டம்பர் 4 அன்று ‘பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்’ உருவானது. 1982-ல் பெயர் சுருங்கி அண்ணா பல்கலைக்கழகம் ஆயிற்று.

பலருக்குத் தெரியாதது, முதல் இருபது வருஷத்துக்கு மேல் இதற்கு இணைப்புக் கல்லூரி என்று ஒன்றும் கிடையாது. தனியார் பொறியியல் கல்லூரிகள் எல்லாம் மெட்ராஸ், பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராஜர் என்று அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2001-ல் சட்டத்தைத் திருத்தித்தான் அவற்றை இங்கே கொண்டுவந்தார்கள். இன்றைய தலைவலிகளில் முக்கால்வாசி அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவை.

நான் வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன். என் சான்றிதழில் ‘அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்’ என்று இருக்கிறது. சரிபார்க்கும் நிறுவனம், அப்படியொரு பல்கலைக்கழகமே பட்டியலில் இல்லை என்கிறது. என் பட்டம் செல்லாதா?

செல்லும், பதற வேண்டாம். 2007-லிருந்து பல்கலைக்கழகத்தை வட்டாரவாரியாகப் பிரித்தார்கள். கோவை, திருச்சி, திருநெல்வேலி, பிறகு மதுரை என்று தனித்தனிப் பல்கலைக்கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் துணைவேந்தர். சென்னையிலேயே இணைப்புக் கல்லூரிகளுக்கென்று இன்னொன்று. 2011-ல் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து மறுபடி ஒன்றாக்கிவிட்டார்கள். பிரிந்த பல்கலைக்கழகங்களின் கட்டடங்கள்தான் இன்றைய மண்டல வளாகங்கள்.

நடுவில் பட்டம் வாங்கியவர்கள் கையில் அந்தக் காலப் பெயரோடு சான்றிதழ். சட்டப்படி வாரிசு அண்ணா பல்கலைக்கழகமே, ஆகவே சரிபார்ப்புக் கடிதம் கிண்டியிலுள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். விண்ணப்பத்தில் பதிவு எண்ணோடு, சான்றிதழில் உள்ள பழைய பெயரை அப்படியே, ஊர் உட்பட எழுதுங்கள். ‘அண்ணா யுனிவர்சிட்டி’ என்று நீங்களாகச் சுருக்கினால் பெயர் பொருந்தவில்லை என்று சரிபார்க்கும் நிறுவனம் திருப்பி அனுப்பும். படித்த கல்லூரி அலுவலகத்தில் அலைந்து பிரயோசனமில்லை.

யார்தான் சார் தலைவர்? கவர்னரா, அமைச்சரா, துணைவேந்தரா?

காகிதத்தில் வேந்தர் ஆளுநர், இணைவேந்தர் உயர்கல்வி அமைச்சர். அன்றாட நிர்வாகத்துக்குத் தலைமை துணைவேந்தர். அவருக்குக் கீழே பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், வளாகத்துக்கு ஒரு டீன். பணம், நியமனம், கட்டணம் என்று கனமான எதுவும் சிண்டிகேட் என்ற ஆட்சிக்குழுவில் நிறைவேற வேண்டும். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் செனட் தேர்தல் எப்போது என்று கேட்பார்கள். இங்கே செனட்டே இல்லை. சிண்டிகேட்டில் உயர்கல்விச் செயலாளர் முதலான அரசு அதிகாரிகளும் நியமன உறுப்பினர்களும் உட்கார்ந்திருப்பதால், அரசுக்குப் பிடிக்காத தீர்மானம் அங்கே தாண்டி வருவது அபூர்வம்.

அப்படியே தாண்டினாலும் நிற்குமா என்பது வேறு கதை. 2023 நவம்பரில் இணைப்புக் கல்லூரி மாணவர்களின் தேர்வுக் கட்டணம் தாளுக்கு 150 ரூபாயிலிருந்து 225 ரூபாய் ஆனது. மாணவர்கள் கொதித்தார்கள். அமைச்சர் பேட்டி கொடுத்தார், அந்த செமஸ்டருக்கு உயர்வு நின்றது. விதிப்படி தீர்மானம் போட வேண்டியவர்கள் போட்டார்கள், ஆனால் கடைசி வார்த்தை தலைமைச் செயலகத்திலிருந்து வந்தது. ‘தலைவர் யார்’ என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

துணைவேந்தர் இல்லாமலே ஓடுதுன்னு படிச்சேன். எப்படி?

சூரப்பா 2018 முதல் 2021 வரை, வேல்ராஜ் 2021 முதல் 2024 ஆகஸ்ட் வரை. பதவிக்காலம் மூன்று வருஷம். வழக்கமான முறை, மூவர் தேடல் குழு: வேந்தர் தரப்பில் ஒருவர், அரசுத் தரப்பில் ஒருவர், சிண்டிகேட் தரப்பில் ஒருவர். மூன்று பெயர் கொடுப்பார்கள், வேந்தர் ஒருவரை நியமிப்பார். குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) தலைவர் நியமிக்கும் ஒருவரும் இருக்க வேண்டும் என்று 2018 யு.ஜி.சி. விதிமுறை சொல்கிறது. ஆளுநர் அதைப் பிடித்துக்கொண்டார், அரசு மாநிலச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. நியமன அதிகாரத்தையே அரசுக்கு மாற்ற 2022 ஏப்ரலில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அது சட்டமானபின், 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

வேல்ராஜ் போனபிறகு, உயர்கல்விச் செயலாளர் தலைமையில் ஒருங்கிணைப்புக் குழு பொறுப்பேற்றது. அன்றாடக் கோப்புகள் நகரும், தேர்வு நடக்கும். ஆனால் கோட்டையில் நூறு வேலை இருக்கும் ஒரு செயலாளர் கிண்டியின் ஆசிரியர் காலியிடங்களைப் பற்றி எவ்வளவு நேரம் யோசிப்பார்?

அரியர் ஆல்பாஸ் மறுபடி வருமா அண்ணா?

வராது. படி. 2020 ஆகஸ்டில், கொரோனாவின்போது, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியர் பாஸ் என்று மாநில அரசு அறிவித்தது. தேர்வெழுதாமல் பாஸ் போடுவதை ஏற்க முடியாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் (ஏ.ஐ.சி.டி.இ.) சொன்னது. வழக்கு உயர்நீதிமன்றம் போய், தேர்வு நடத்தத்தான் வேண்டும் என்று ஆனது. முதலமைச்சர் கட்-அவுட்டுக்குப் பாலூற்றிய தம்பிகள் மறுபடி புத்தகத்தைத் தேடினார்கள்.

சீர்மிகு நிறுவனம் அந்தஸ்து வந்தும் வேண்டாம்னு விட்டுட்டாங்களே, ஏன்?

சீர்மிகு நிறுவனம், அதாவது இன்ஸ்டிட்யூட் ஆஃப் எமினென்ஸ், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் திட்டம். அதில் மத்திய அரசு தரக்கூடியது அதிகபட்சம் 1,000 கோடி ரூபாய். மீதிச் செலவில் மாநிலத்தின் பங்கு எவ்வளவு, 69 சதவீத இட ஒதுக்கீடு என்ன ஆகும் என்ற இரண்டு கேள்வி எழுந்தன. துணைவேந்தர் சூரப்பா, பல்கலைக்கழகமே நிதி திரட்டிக்கொள்ளும் என்று நேரடியாக மத்திய அரசுக்கு எழுதிவிட்டார். மாநில அரசுக்குக் கோபம் வராமல் இருக்குமா? 2020-ல் அந்தஸ்தே வேண்டாம் என்று அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டுக் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன். அதை எழுத்துப்பூர்வமாகத் தெளிவுபடுத்திக்கொண்டு பணத்தை வாங்க இன்னும் கொஞ்சம் போராடியிருக்கலாம்.

கவுன்சிலிங் சந்தேகத்துக்கு கிண்டிக்கு வரலாமா?

வேண்டாம். 1997-லிருந்து 2018 வரை அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்.

எங்க காலேஜ்ல லேப்ல பாதி மெஷின் ஓடாது. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் புதுசா சில சார்கள் வந்து உக்காருவாங்க. ஃபீஸும் ரசீதில்லாம வாங்கறாங்க. யார்கிட்ட போறது? பேர் வெளிய வராம இருக்கணும்.

உன் கேள்வியில் இரண்டு புகார் இருக்கிறதும்மா, இரண்டும் வேறு வேறு கதவு.

லேபும் ஆசிரியரும் பல்கலைக்கழகத்தின் இணைப்பு மையத்துக்கு. கல்லூரி தொடங்க அனுமதி கொடுப்பது ஏ.ஐ.சி.டி.இ. அதன்பின் இணைப்பைப் புதுப்பிக்க வருஷாவருஷம் பார்வையிட வருவது பல்கலைக்கழகம். குறை இருந்தால் சீட்டைக் குறைக்கலாம், ஒரு பாடப்பிரிவுக்கு இணைப்பை மறுக்கலாம். ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது 2024 ஜூலையில் அம்பலமானது நினைவிருக்கும். நீ சொல்வதும் அந்த ரகமே. ‘லேப் சரியில்லை’ என்று பொதுவாக எழுதாதே. எந்தப் பாடம், எந்த மெஷின், அந்த ஆசிரியர் டைம் டேபிளில் இருக்கிறாரா, எந்தத் தேதியில் வந்தார் என்று எழுது. டைம் டேபிளைப் படம் எடுத்து இணை.

ரசீதில்லாத கட்டணத்துக்குப் பல்கலைக்கழகம் பதில் சொல்லாது. சுயநிதிக் கல்லூரிகளின் கட்டணத்தை நிர்ணயிப்பது ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு. அங்கே எழுது. பெயர் வெளியே வரக்கூடாது என்றால் பெற்றோர் சிலர் சேர்ந்து கையெழுத்திடுவது நல்லது. தனியாக ஒரு மாணவி பெயரில் போனால் யார் என்று கண்டுபிடிக்க அரைநாள் போதும் அவர்களுக்கு.

ஆர்.டி.ஐ. போட்டா பதில் வருமா?

வரும். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. பதிவாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ‘இந்தப் பொருள் குறித்த சிண்டிகேட் தீர்மானத்தின் நகல்’, ‘இந்தக் கல்லூரியின் பார்வைக் குழு அறிக்கை நகல்’ என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். விடைத்தாளை மாணவர் பார்க்கலாம் என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கு அதைவிட வேகமான வழி, ரிசல்ட் வந்ததும் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்பது. அதன் கடைசித் தேதி ரிசல்ட் வந்த சில நாளிலேயே முடிந்துவிடும், காலேஜ் நோட்டீஸ் போர்டை நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.