காந்தவிசைக்கோடு கற்பனை என்றால் அது எப்படி அறுந்து இணையும்?

கேள்வி நியாயமானது. விசைக்கோடு கற்பனை என்று பள்ளியில் சொல்லிவிட்டு, காந்தக்கோளத்தின் (பூமியின் காந்தப்புலம் ஆளும் வெளி) விளிம்பில் அது அறுந்து மறுபடி இணைகிறது என்றால் யாருக்கும் குழப்பம்தான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோட்டை விடுங்கள், மின்னோட்டத்தைப் பிடியுங்கள்.

கன செ.மீ.க்கு 5 புரோட்டான், நொடிக்கு 400 கி.மீ. வேகம். இந்தச் சூரியக்காற்றின் அழுத்தம் சுமார் 1.3 நானோபாஸ்கல். அதைத் தடுக்க 58 நானோடெஸ்லா காந்தப்புலம் வேண்டும். ஆனால் 10 பூமி ஆரத் தொலைவில் பூமியின் சொந்தப் புலம் 31தான். மீதியைத் தருவது எல்லையில் காலைப் பக்கத்திலிருந்து மாலைப் பக்கம் ஓடும் மின்னோட்டம். இயற்பியலாளர்கள் சாப்மனும் ஃபெராரோவும் 1931-லேயே சொன்னது இது. புலம் 60 நானோடெஸ்லா மாறும் இடத்தில் கி.மீ.க்கு 48 ஆம்பியர் ஓடியாக வேண்டும். எல்லையின் தடிமன் 500 கி.மீ. என்றால், சதுர மீட்டருக்கு வெறும் 0.1 மைக்ரோ ஆம்பியர்.

வெளிப்புலம், அதாவது சூரியக்காற்று சுமந்துவரும் புலம், தெற்கே திரும்பினால் உள்ளே வடக்கு, வெளியே தெற்கு. இந்த மின்னோட்டப் படலம் மெலியத் தொடங்கும். கன செ.மீ.க்கு 10 துகள் அடர்த்தியில், தடிமன் 70 கி.மீ. அளவுக்கு வந்ததும் அயனிகள் புலத்தை விட்டு விலகும், 2 கி.மீ. அளவில் எலக்ட்ரான்களும் விலகும். பிளாஸ்மா (இந்த அயனி, எலக்ட்ரான் கலவை) புலத்தோடு ஒட்டிப் போகும்வரைதான் "இது அதே கோடு" என்று அடையாளம் சொல்ல முடியும். அந்தச் சில கி.மீ.க்குள் அடையாளம் அழிகிறது. வெளியே வரும்போது துகள்கள் வேறு துணையோடு இருக்கின்றன. "அறுந்து இணைதல்" என்பது இதற்கு வைத்த பெயர்.

வெறும் சொல்விளையாட்டு என்று எழுத வருபவர்களுக்கு ஒன்று: இது அளக்கப்பட்டது. 2015 மார்ச்சில் நாசா அனுப்பிய எம்எம்எஸ் நான்கு கலங்கள், அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று எலக்ட்ரான்கள் புலத்தை விட்டு விலகும் இந்தப் பகுதியைக் கடந்தன. எல்லை நொடிக்கு 50 கி.மீ. நகர்ந்தால் 2 கி.மீ. படலம் 40 மில்லிநொடியில் கடந்துவிடும். அதனால்தான் எலக்ட்ரான்களை 30 மில்லிநொடிக்கு ஒருமுறை அளக்கும்படி கருவி செய்தார்கள்.

தரவை எடுத்துச் செய்து பார்க்க நினைத்தால் கவனம். நான்கு கலங்களின் புல வேறுபாட்டிலிருந்து மின்னோட்டம் கணக்கிடும் முறை, கலங்களுக்கு இடையே புலம் சீராக மாறுவதாகக் கொள்கிறது. படலம் கலங்களின் இடைவெளியைவிட மெல்லியதானால் விடை குறைந்தே வரும். நான்கும் ஒரே தளத்தில் சரிந்திருந்தாலும் பிழைதான். 10 கி.மீ. இடைவெளியில் 0.1 நானோடெஸ்லா பிழை இருந்தால், சதுர மீட்டருக்கு 8 நானோ ஆம்பியர் பொய்யாக முளைக்கும். அதே வேறுபாடுகளிலிருந்து கணக்கிடும் புலத்தின் விரிவு (divergence) பூச்சியமாக வரவேண்டும். வராவிட்டால் அந்தத் துண்டை ஒதுக்குங்கள். அயனி, எலக்ட்ரான் திசைவேக வேறுபாட்டிலிருந்து மின்னோட்டத்தைத் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். கன செ.மீ.க்கு 10 துகள், வேறுபாடு நொடிக்கு 1000 கி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 1.6 மைக்ரோ ஆம்பியர் வரும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் "பூமியின் கவசத்தில் விரிசல்" என்று தலைப்பு போடுவது எரிச்சலூட்டுகிறது. வெளிப்புலம் தெற்கே திரும்பும் போதெல்லாம் நடக்கும் வழக்கமான வேலை இது. அதில் உடைந்துபோவது எதுவுமில்லை.