ரவுட்டர் செட்டிங்ஸ் பேஜ் எங்க இருக்கு?

கேள்வி: வைஃபை பாஸ்வேர்டை மாத்தணும். பையன் நெட்ல பாத்துட்டு 192.168.1.1 போடச் சொன்னான், போட்டா ரொம்ப நேரம் சுத்திட்டு பேஜ் வரலன்னு சொல்லுது. பேசாம ரவுட்டர் பின்னாடி இருக்கற ரீசெட் பட்டனை அமுக்கிடவா?
– வாசகி, கொளத்தூர்

பதில்: தயவுசெஞ்சு அந்தப் பட்டன்ல மட்டும் கை வைக்காதீங்கம்மா. குண்டூசியால அதை ஒரு 10 செகண்ட் அமுக்கிப் பிடிச்சா பாஸ்வேர்டு மட்டும் போகாது, கனெக்‌ஷன் குடுத்தவங்க உள்ள போட்டு வெச்ச யூசர்நேம், லைன் செட்டிங்ஸ் எல்லாமே துடைச்சுட்டுப் போயிடும், அப்புறம் லைன்மேன் வந்து திரும்பப் போட்டாதான் நெட்டு. எங்க வீட்ல நான் அவசரப்பட்டு அமுக்கிட்டு ரெண்டு நாள் ஆளு வரலை, பொண்ணு மாடி வீட்ல போய் உக்காந்து ஆன்லைன் டெஸ்ட் எழுதினா. அந்த அலைச்சல் உங்களுக்கு வேணாம்.

இப்ப அந்த நம்பருக்கு வருவோம். நம்ம சென்னைல காந்தி தெரு ஒண்ணா ரெண்டா? ஏரியாவுக்கு ஒண்ணு இருக்கு, ஏரியா பேர் சொல்லாம ஆட்டோல ஏறவே முடியாது. 192.168-னு ஆரம்பிக்கற நம்பரும் அப்படித்தான், வீட்டுக்குள்ள மட்டும் புழங்கறதுக்குன்னே ஒதுக்கி வெச்ச அட்ரஸ், அதனால எல்லா வீட்லயும் இருக்கும், ஆனா உங்க ரவுட்டர் எந்த நம்பர்ல உக்காந்திருக்குன்றது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஜியோ ஃபைபர்னா 192.168.29.1, டிபி லிங்க்ல நிறைய மாடலுக்கு 192.168.0.1, சில ஃபைபர் பாக்ஸுக்கு 192.168.100.1. நெட்ல தேடி ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கறது வீண் வேலை, உங்க போனையே கேளுங்க, அதுக்குத் தெரியும். ஆண்ட்ராய்டுல வைஃபை செட்டிங்ஸ் போய், கனெக்ட் ஆகியிருக்கற பேர் பக்கத்துல இருக்கற சக்கரத்தைத் தொட்டுக் கீழ வந்தீங்கன்னா கேட்வேன்னு ஒரு நம்பர் இருக்கும், அதான் உங்க ரவுட்டரோட அட்ரஸ். ஐபோன்ல அந்தப் பேர் பக்கத்துல இருக்கற i-யைத் தொட்டா ரவுட்டர்னே போட்டிருக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டர்னா கமாண்ட் ப்ராம்ப்ட் (கட்டளை டைப் பண்ற கறுப்பு விண்டோ) திறந்து ஐபிகான்ஃபிக்னு (ipconfig) ஸ்பேஸ் விடாம அடிச்சா டிஃபால்ட் கேட்வேன்னு வரும், அதேதான். அங்க உங்க கம்ப்யூட்டரோட நம்பரே 169.254-னு ஆரம்பிச்சா அது ரவுட்டரோட பேசவே இல்லைன்னு அர்த்தம், முதல்ல வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

நம்பர் கிடைச்சதும் கூகுள் சர்ச் பெட்டியில போடாதீங்க, மேல அட்ரஸ் வர்ற இடத்துல போடணும், கடைசியில இருக்கறது நம்பர் ஒண்ணுதான், இங்கிலீஷ் எல் இல்ல. போன்ல பாக்கறீங்கன்னா மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிடுங்க, இது ரொம்ப முக்கியம், டேட்டா ஆன்ல இருந்தா சில சமயம் போன் அந்த வழியா வெளிய போய்த் தேடிட்டு வெறுங்கையோட வந்து நிக்கும். விபிஎன் (நெட்டை வேற சர்வர் வழியா சுத்தி அனுப்பற ஆப்) இருந்தா அதையும் நிறுத்துங்க.

யூசர்நேம், பாஸ்வேர்டு ரெண்டும் ரவுட்டரோட அடியில ஸ்டிக்கர்ல இருக்கும். டிவிக்குப் பின்னாடி தூசியில கிடக்கும், எழுத்தும் பொடிப்பொடியா இருக்கும், போன்ல ஒரு போட்டோ எடுத்துப் பெருசாக்கிப் படிங்க. அதுல ரெண்டு பாஸ்வேர்டு இருக்கும்மா, ஒண்ணு வைஃபையில சேர, இன்னொண்ணு செட்டிங்ஸ் உள்ள போக, நிறைய பேர் இங்கதான் மாத்திப் போட்டுட்டு வரலைன்னு விட்டுடறாங்க. உள்ள போனதும் வைஃபை பாஸ்வேர்டோட சேத்து அந்த அட்மின் பாஸ்வேர்டையும் மாத்திடுங்க. செட்டிங்ஸ் உள்ள போற யூசர்நேம், பாஸ்வேர்டு ரெண்டுலயும் அட்மின்னே வெச்சிருந்தா வீட்டு வைஃபையில சேர்ந்த யார் வேணா உள்ள நுழைஞ்சு உங்களையே வெளிய தள்ளிட முடியும். புதுசை எழுதி ரேஷன் கார்டு வைக்கற ஃபைல்லயே வெச்சுடுங்க.

கேள்வி: நம்பர் போட்டா பாதுகாப்பு இல்லைன்னு சிவப்பா எச்சரிக்கை வருது, பயமா இருக்கு.
– வாசகர், பம்மல்

பதில்: பேங்க் சைட்ல வந்தா கண்டிப்பா பயப்படணும் சார், இங்க வேணாம். எல்லா வீட்லயும் இருக்கற நம்பருக்கு இது அசல் சைட்தான்னு வெளியில யாரும் சர்டிஃபிகேட் தர மாட்டாங்க, அதான் பிரவுசர் கத்துது. நீங்க வீட்டு வைஃபையில இருந்து, நம்பரும் கேட்வேயில பாத்த அதே நம்பர்னா அட்வான்ஸ்ட் தொட்டு உள்ள போங்க.

கேள்வி: பக்கத்து பிளாட்காரங்க எங்க வைஃபையை யூஸ் பண்றாங்களோன்னு சந்தேகம். ரவுட்டர் பேஜ்ல கனெக்ட் ஆகியிருக்கற சாதனங்களோட லிஸ்ட்ல தெரியாத பேரு ரெண்டு இருக்கு.
– வாசகி, மேடவாக்கம்

பதில்: அவசரப்பட்டு அவங்ககிட்ட கேட்டுடாதீங்க, உறவு கெட்டுப்போனா ஒட்ட வைக்கறது கஷ்டம். இப்ப வர்ற ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாம் வைஃபைக்குன்னு இருக்கற தன்னோட உண்மையான அடையாள நம்பரை (மேக் அட்ரஸ்) மறைச்சு வேற ஒண்ணைக் காட்டும், அதனால உங்க வீட்டுக்காரர் போனே லிஸ்ட்ல அந்நியமாத் தெரியலாம். டிவி, சிசிடிவி, ஏசி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணி எந்தப் பேர் மறையுதுன்னு பாருங்க, அப்பவும் ஒண்ணு மிஞ்சினா வைஃபை பாஸ்வேர்டை மாத்திட்டு டபிள்யூபிஎஸ்-ஐயும் (பாஸ்வேர்டு போடாமலே பட்டன் அமுக்கியோ பின் நம்பர் போட்டோ வைஃபையில சேர விடற வசதி) ஆஃப் பண்ணிடுங்க. மாத்தினதும் வீட்ல எல்லா சாதனத்துலயும் புது பாஸ்வேர்டு போடணும், வாசல் கேமராவை மட்டும் மறந்துடாதீங்க.