மோடத்தைப் பரணில் போட்டால் இணைப்பு முடிந்துவிடுமா?

மதுரை வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். விஷயம் இதுதான்: வீட்டு பிராட்பேண்டில் 100 எம்பி வேக பிளான், மாதம் 799 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 943. முதல் வருடம் நன்றாக ஓடியது, அப்புறம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எட்டு எம்பி, பத்து எம்பிதான். கஸ்டமர் கேருக்கு இருபது தடவை போன் போட்டும் பலனில்லை, ஒருமுறை எதிர்முனையில் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். மனைவிக்கு வீட்டிலிருந்து வேலை, மீட்டிங் நடுவே படம் அப்படியே நின்றுவிடுகிறது. வெறுத்துப்போய் வேறு கம்பெனி இணைப்பு வாங்கிவிட்டார், பழைய பில்லைக் கட்டவில்லை. ஐந்து மாதம் கழித்து, பாக்கி 4,715, மோடத்துக்கு 2,500, ஆக 7,215 ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா என்கிறார்.

போடலாம். ஐந்து லட்சம் கிடைக்காது. போனை வைத்தது, மீட்டிங் நின்றது, இதற்கெல்லாம் நுகர்வோர் ஆணையம் தருவது பெரும்பாலும் சில ஆயிரங்கள்தான். அதை விடுங்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பழைய இணைப்பை ரத்து செய்யுங்கள் என்று எழுத்தில் எப்போது சொன்னீர்கள்? நான்கு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள், காரணமும் புரிகிறது. மொபைலில் 2011-லிருந்து போர்ட் செய்து பழகிவிட்டோம், புது கம்பெனிக்குப் போனால் பழையது தானாக முடிந்துவிடும். வீட்டு பிராட்பேண்டில் அப்படி எதுவும் கிடையாது. புதுக்காரர் தன் ஃபைபரை இழுத்துக்கொண்டு வருவார், பழையவரின் ஒயர் ஜன்னலோரம் தொங்கிக்கொண்டிருக்கும், அவர்கள் கணக்கில் நீங்கள் இன்னும் வாடிக்கையாளர். ஒரு வரி மெயில் போட்டிருந்தால் அந்தத் தேதியோடு பில் நின்றதா இல்லையா என்று வாதாடலாம். மெயிலே இல்லையென்றால் வேகம் எவ்வளவு மோசம் என்ற பேச்சு பின்னுக்குப் போய், பில் கட்டாதவர் என்பதுதான் முன்னால் நிற்கும்.

அடுத்தது மோடம். அது உங்கள் பொருள் இல்லை. என் கட்சிக்காரர் ஒருவர் ஒழுங்காக மெயில் போட்டார், பாக்கியையும் கட்டினார், மோடத்தை மட்டும் வருடக்கணக்காக வந்துபோன லைன்மேனிடம் நம்பிக் கொடுத்தார். மஞ்சப்பையில் அடாப்டரோடு போட்டு, காபியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பையன் அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். மோடம் வந்து சேரவில்லை என்று நோட்டீஸ் வந்தபோது இவரிடம் ரசீதும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. கடைசியில் கட்டினார். மாதப் பணத்தை உள்ளூர் ஆபரேட்டரின் சொந்த நம்பருக்கு ஜிபே செய்தவர்கள் கதையும் இதேதான், கம்பெனி ரசீது இருந்தால்தான் பேச்சு.

சரி, வேகக் குறைவுக்கு வழக்கே கிடையாதா என்றால், உண்டு. தொலைத்தொடர்புக் கம்பெனி மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று 2009 தீர்ப்பு ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் போகலாம் என்று சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், உங்கள் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதியதாகச் சொல்கிறீர்கள், அவர்கள் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் ஆதாரம் என்ன? போனில் வைஃபையில் எடுத்த மூன்று ஸ்கிரீன்ஷாட். "100 எம்பி வரை" என்பதில் உள்ள அந்த "வரை"யைத்தான் எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கும், அடுத்து மோடம் ஹாலில், போன் மாடியில், சுவர்தான் காரணம் என்பார்கள். லேப்டாப்பில் நேராக லேன் கேபிள் செருகி, பல நாள் ஒரே நேரத்தில் எடுத்த சோதனை, ஒவ்வொன்றோடும் ஒரு புகார் எண், இதெல்லாம் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அன்லிமிடெட் என்று விற்ற பிளானிலும் பெரும்பாலும் மாத ஜிபி வரம்பு உண்டு, தாண்டினால் வேகத்தைக் குறைக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் தாண்டினீர்களா என்பதையும் எழுதவில்லை.

ஆகவே சமாதானமாகப் போங்கள். 7,215 ரூபாய்க்கு இரண்டு தரப்பிலும் வக்கீல் வைப்பது அபத்தம் (என் வருமானத்துக்கு எதிராகத்தான் சொல்கிறேன்). இன்றே ரத்து மெயில் போடுங்கள். பில் கட்டாததால் அவர்களே எந்தத் தேதியில் லைனை நிறுத்தினார்கள் என்று கேளுங்கள், அநேகமாக முதல் ஒன்றிரண்டு மாதத்திலேயே நிறுத்தியிருப்பார்கள். ஓடாத லைனுக்கு வாடகை எதற்கு என்று அந்தத் தேதிக்குப் பிந்தைய பில்லை மறுத்துவிட்டு, அதுவரைக்கும் மட்டும் கட்ட முன்வாருங்கள். மோடத்தைத் திருப்பிக் கொடுத்தால் 2,500 தானாக விழுந்துவிடும். நோட்டீஸ் அனுப்பிய வக்கீலுக்கும் இதையே பதிலாக எழுதுங்கள், பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

இதற்கு நடுவில் மக்கள் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தால் பதற வேண்டாம், அது சம்மன் இல்லை, சமரசத்துக்கான அழைப்பு. போங்கள், பேசுங்கள். ஆனால் தொகையைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அங்கே கையெழுத்தானால் அது தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. முழுத் தொகைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் என்னிடம் வந்தவர்கள் உண்டு, அதற்கப்புறம் நான் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

பாக்கி இல்லை என்று மெயிலில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகே பணத்தைக் கட்டுங்கள். மோடத்தை லைன்மேனிடம் கொடுக்காமல் அவர்கள் அலுவலகத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துச் சீலோடு ரசீது வாங்குங்கள், அதற்கு முன் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.