இணையத்தோடு இணைந்த கருவிகள் தொழிலில் எதை மாற்றுகின்றன?

கருவியில் சென்சாரும் மென்பொருளும் சேர்ந்தால் தொழிலில் என்ன மாறும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய மாற்றம், பணம் வாங்கும் முறையில்தான்.

விமான இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தயாரிக்கும் ரோல்ஸ் ராய்ஸ் பல விமான நிறுவனங்களிடம், இன்ஜின் பறந்த மணிக்கணக்கை வைத்துப் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறது. யோசனை பழசு, 1962-லேயே வந்தது. ஆனால் இப்போது வெப்பம், அழுத்தம், அதிர்வு பற்றிய தரவுகள் பறக்கும்போதே தரைக்கு வந்துவிடுவதால், எந்தப் பாகம் தேய்கிறது என்று முன்கூட்டியே கணிக்க முடிகிறது. முன்பெல்லாம் பழுது என்றால் தயாரிப்பாளருக்கு உதிரிபாக வருமானம். இந்த ஏற்பாட்டில் பழுதுபார்ப்பதும் மணிக்கணக்குக் கட்டணத்துக்குள்ளேயே அடங்குவதால், அதே பழுது அவருக்கே செலவு!

சரி, எல்லாமே நல்லதா? பிஎம்டபிள்யூ 2022-ல் சில நாடுகளில், காரில் ஏற்கெனவே பொருத்தியிருந்த இருக்கைச் சூடேற்றும் வசதிக்குச் சந்தா கேட்டது. எதிர்ப்பு கிளம்ப, அடுத்த ஆண்டே கைவிட்டது. அங்கே வாங்கியவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லையே.