ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அப்பா ஏன் வேறு ஆளாகிவிட்டார்?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் 40 வருடம் ரப்பர் பால்மரம் வெட்டியவர். ஏழு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது கைத்தடியோடு நடக்கிறார், பேச்சும் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆள் பழைய ஆள் இல்லை. காலையில் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை அசைவதில்லை. பேத்தி பாட்டுப் பாடினால் தேம்பி அழுகிறார், அடுத்த நிமிடமே நிறுத்திவிடுகிறார். தட்டில் பாதிச் சோறு மீதி வைக்கிறார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். போன வாரம் அம்மாவிடம், "நான் இன்னும் எதுக்கு இருக்கணும்" என்றாராம். அண்ணன் சோம்பேறித்தனம் என்கிறார், அத்தை செய்வினை என்கிறார், பக்கத்து வீட்டார் வயசாகிவிட்டது என்கிறார்கள். மன டாக்டரிடம் போனால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். என்ன செய்வது? இன்னொன்று, மோட்டார் சைக்கிள் சாவியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, அப்பா அம்மாவிடம் சொன்ன அந்த வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அடுத்த வாரம் வரை காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது.

இன்றைக்கே, வீட்டில் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "அப்பா, எதுக்கு இருக்கணும்னு சொன்னீங்களாமே. செத்துப் போயிடலாம்னு தோணுதா? ஏதாவது செஞ்சுக்கணும்னு நினைச்சீங்களா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வருவதில்லை. ஒருவராவது கேட்டார்களே என்று பெரியவர்களுக்குப் பாரம் குறைவதுதான் அதிகம். "ஆமாம்" என்றாலோ, எப்படிச் செய்வது என்றுவரை யோசித்திருந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். "அப்படியெல்லாம் இல்லம்மா, சும்மா சலிப்பு" என்றாலும், இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவர் அவரைப் பார்த்தாக வேண்டும்.

அப்புறம் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். தோட்டத்து வீடுகளில் புல்லுக்கு அடிக்கும் மருந்து பின்கட்டிலோ குளியலறைப் பக்கமோ பழைய போத்தலில் கிடக்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020 தொடக்கத்திலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய மிச்சம் சில வீடுகளில் இருக்கலாம், மற்ற களைக்கொல்லிகளும் பாதுகாப்பானவை இல்லை. எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அப்பாவின் மாத்திரைப் பையை அம்மாவோ நீங்களோ பூட்டி வைத்து, வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். இன்னொரு பயமும் பலருக்கு உண்டு, வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது. தயங்காமல் சொல்லலாம். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற மன ஆறுதல் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555-உம் இருக்கிறது.

அம்மாவின் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911-லிருந்து இருக்கிறது. பேராக்கில் மூன்று தலைமுறைத் தோட்டத்து மக்கள் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளை மிரட்டினார்கள். ஆனால் ஸ்ட்ரோக்குக்குப் பின் வரும் மனச்சோர்வை உங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்கிலேயே பார்ப்பார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றே வீட்டுக்கு வரலாம். உயிருக்கு ஆபத்து இருந்தால்தான் சேர்ப்பார்கள், அதுவும் கொஞ்ச நாளைக்கு.

சரி, அப்பாவுக்கு என்னதான் ஆகியிருக்கிறது? நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் நான்கைந்து வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வதற்கும் அதுதான் காரணம். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறாக இருக்கும்.

தட்டிலிருந்து தொடங்குவோம். இன்று சாப்பாடு வைத்தபின் அம்மாவைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மீதி வைக்கும் சோறு தட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது? எப்போதும் இடது பக்கமே என்றால், பசி இல்லாமல் வைக்கவில்லை. இடது கை கால் விழுந்தால் அடிபட்டது மூளையின் வலது பக்கம்; அங்கே அடிபட்டால் கண் நன்றாக இருந்தாலும் இடது பக்கத்தை மூளை கவனிக்காமல் விட்டுவிடும். தட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பாருங்கள், அந்தச் சோற்றையும் சாப்பிட்டுவிடுவார். சவரம் செய்யும்போது இடது கன்னம் விட்டுப்போகிறதா, கதவு நிலையில் இடது தோள் இடிக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கு மாத்திரை கிடையாது, பயிற்சி உண்டு. கிளினிக்கில் சொன்னால் அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் அனுப்புவார்கள். இரண்டு பக்கமும் சமமாக மீதி வைக்கிறார், எடையும் குறைகிறது என்றால் அது மனச்சோர்வின் பக்கம் போகிறது. வாயில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறாரா, சாப்பிடும்போது புரையேறுகிறதா என்பதையும் கவனியுங்கள். விழுங்குவதில் சிரமம் இருந்தாலும் மீதி வைப்பார்கள்.

மூன்று மணி விழிப்பு இன்னொன்று. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) நான்கு மணிக்கே எழுந்து பழகிய உடம்பு ஓய்வுக்குப் பிறகும் அந்த நேரத்தில்தான் எழும். தோட்டத்து ஆண்களிடம் இது சாதாரணம், டாக்டர்களும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஆனால் பழைய நாளில் எழுந்ததும் என்ன செய்தார், இப்போது என்ன செய்கிறார்? எழுந்து தேத்தண்ணி கேட்டால் பழக்கம். இருட்டில் கூரையைப் பார்த்தபடி கிடந்து, காலை நேரமே மிகவும் கனமாக இருந்து, மாலையில் கொஞ்சம் தெளிந்தால் அது மனச்சோர்வின் அடையாளம். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. கை விழுந்த கவலை மட்டும் இதற்குக் காரணம் இல்லை. மனநிலையைத் தாங்கும் மூளைப் பாதைகளே அடிபட்டிருக்கும். கவனிக்காமல் விட்டால் பயிற்சியில் மனம் போகாது, கை கால் தேறுவதும் தள்ளிப்போகும்.

பேத்தி பாடும்போது வரும் அழுகை பெரும்பாலும் வேறு. சின்னத் தூண்டலில் பொங்கி, சட்டென்று நிற்கும் அழுகை, ஸ்ட்ரோக்குக்குப் பிந்திய முதல் மாதங்களில் ஐந்தில் ஒருவருக்காவது வரும். அழுகையை அடக்கும் மூளையின் பிடி தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சிலருக்கு இதேபோல் சிரிப்பு வரும். பேத்தியைப் பாட வேண்டாம் என்று நிறுத்திவிடாதீர்கள். அவர் அழும்போது சுற்றி நின்று "ஏன்பா, என்ன ஆச்சு" என்று கேட்டால் இன்னும் கூடும். பேச்சை மெல்ல வேறு பக்கம் திருப்புங்கள். "தாத்தாவுக்குப் பாட்டு பிடிச்சிருக்கு, அதான் கண்ணுல தண்ணி" என்று குழந்தைக்கும் சொல்லி வையுங்கள்.

அண்ணன் சொல்லும் சோம்பேறித்தனத்துக்கு வருகிறேன். இந்த வார்த்தை எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. 40 வருடம் விடியுமுன் மரத்தடியில் நின்றவர் 71 வயதில் புதிதாகச் சோம்பேறி ஆகமாட்டார். தானாக ஒன்றைத் தொடங்கும் விசை மூளையில் இருக்கிறது, ஸ்ட்ரோக் அதையும் பாதிக்கும். இப்படிப்பட்டவருக்குத் துக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பார், கைபிடித்துக் கூப்பிட்டால் வருவார், வந்தபின் செய்வார். "ஏதாவது செய்யுங்களேன்" என்றால் எழமாட்டார். "அப்பா, எழுந்திருங்க, செம்பருத்திக்குத் தண்ணி ஊத்தப் போவோம்" என்று குவளையைக் கையில் கொடுத்தால் எழுவார். அண்ணனிடம் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வலது மூளை அடிபட்டவர்களுக்குக் குரலும் ஏற்ற இறக்கம் இல்லாமல் தட்டையாகிவிடலாம். அன்பாகப் பேசினாலும் அக்கறை இல்லாததுபோல் கேட்கும்.

அடுத்து ஞாபகம். முதல் ஸ்ட்ரோக் வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் மறதிநோய் வரலாம். மறுபடி ஸ்ட்ரோக் வந்தால் அது மூன்றில் ஒருவருக்கு மேல். அதனால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகை ஆகிய நான்கையும் கட்டுக்குள் வைப்பதுதான் ஞாபகத்துக்குச் செய்யும் பெரிய உதவி. ஆனால் அப்பாவுக்கு மறதிநோய் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். மனச்சோர்வே ஞாபகத்தைக் கெடுக்கும், அது தெளிந்தால் ஞாபகமும் ஓரளவு திரும்பும். அதனால்தான் மனச்சோர்வை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

சரிசெய்யக்கூடிய வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். தைராய்டு, சோடியம் இரண்டையும் இரத்தத்தில் பார்க்க வேண்டும். காது மந்தமானவர் கேட்டதையே திரும்பக் கேட்பார். தூக்கத்துக்கோ இருமலுக்கோ சளிக்கோ கடையில் வாங்கித் தரும் சில மருந்துகள், முக்கியமாகத் தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள், வயதானவர்களின் மூளையைக் குழப்பிவிடும். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், ஜாமு, நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். கள்ளோ சம்சுவோ குடிக்கிறார் என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தினமும் குடித்தவர் என்றால், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

கிளினிக்கில் ஞாபகச் சோதனை வைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தாளில் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்பார்கள், கடிகாரம் வரையச் சொல்வார்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர் ஸ்ட்ரோக் வருவதற்கு முன்பேகூட இதில் குறைந்த புள்ளிதான் எடுத்திருப்பார். அப்பா எதுவரை படித்தார், எந்த மொழியில் சிந்திப்பவர் என்று முதலிலேயே சொல்லுங்கள், தமிழில் கேட்க முடியுமா என்று கேளுங்கள். இதைவிட டாக்டருக்கு உதவுவது, வீட்டில் நீங்கள் பார்ப்பதுதான். முன்பு தானே செய்து இப்போது செய்ய முடியாத வேலைகள் எவை, எந்த மாதத்திலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஐம்பது வெள்ளி கொடுத்து ரொட்டியும் சீனியும் வாங்கினால் மீதிக் காசை எண்ணுகிறாரா, மைலோ கலக்கும்போது வரிசை தப்புகிறதா, இப்படி.

மாத்திரை தேவை என்று டாக்டர் முடிவு செய்தால், செர்ட்ரலின் அல்லது எஸ்சிட்டலோபிராம் போன்ற ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்குவார். அடிமையாக்கும் மாத்திரை இல்லை. நான்கு முதல் ஆறு வாரம் போனால்தான் முழுப் பலன் தெரியும். முதல் வாரத்தில் குமட்டல் வந்தால் பலர் விட்டுவிடுகிறார்கள், அது பெரும்பாலும் தானே போய்விடும். தேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது. அந்த அழுகையும் இதே மாத்திரையில் குறைவது உண்டு. டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு. வயதானவர்களுக்கு இது சோடியத்தைக் குறைக்கலாம், அதனால் இரத்தப் பரிசோதனை எப்போது? ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் என்ற இரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்துகளில் எதையாவது சாப்பிடுகிறார் என்றால் இரத்தக்கசிவு வாய்ப்பு கூடும், வயிற்றுக்குப் பாதுகாப்பு மாத்திரை வேண்டுமா? மலம் கறுப்பாகப் போனாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனை. முன்பு தேறிக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் அல்லது இரண்டு நாளில் திடீரென்று குழம்பிவிட்டால், ஆள் தெரியாமல் பேசினால், அது மனச்சோர்வும் இல்லை மறதிநோயும் இல்லை. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை இறங்குவது, புதிய ஸ்ட்ரோக் என எதுவாகவும் இருக்கலாம். வாய் கோணினாலோ, கை புதிதாகத் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 999-ஐ அழையுங்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு.

அத்தை சொல்வதற்காகச் சண்டை போடாதீர்கள். முனியாண்டி கோயிலுக்கு அப்பாவை அழைத்துப் போங்கள், நாலு பேரைப் பார்ப்பது அவருக்கும் நல்லதே. கிளினிக் மாத்திரை நிற்கக் கூடாது, விழுந்த பக்கத் தோளை யாரும் முறுக்கி இழுத்து உருவக் கூடாது. இந்த இரண்டை மட்டும் அத்தையிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு பேச்சு. டிவி ஓடும்போது கேள்வி கேட்காதீர்கள். தினசரிக் காலண்டரின் தாளை அப்பாவே கிழிக்கட்டும், அதில் அன்றைய ஒரே ஒரு வேலையை எழுதி வையுங்கள். ஈப்போவில் நாசாம் என்ற பக்கவாத அமைப்பின் மையம் இருக்கிறது. 1996-ல் ஸ்ட்ரோக் வந்து மீண்ட ஒருவரே தொடங்கியது. வாரத்தில் ஒரு நாள் அண்ணன் காரில் கூட்டிப்போக முடிந்தால், தன்னைப்போலவே கைத்தடி பிடித்தவர்களைப் பார்ப்பார். அந்த ஒரு நாளாவது அம்மா வீட்டில் தூங்கட்டும். உங்கள் கடிதம் முழுக்க அப்பாவைப் பற்றித்தான் இருக்கிறது. இரவெல்லாம் விழித்து, தூக்கி, துடைத்து நிற்பவர் அம்மா. அவருடைய இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கிளினிக்குக்குப் போகும் அன்றே அவருக்கும் ஒரு நம்பர் எடுங்கள்.

மோட்டார் சாவி இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். இடது பக்கத்தைக் கவனிக்காமல் விடக்கூடியவர் செம்பனை லாரி ஓடும் ரோட்டில் கப்சாய் மோட்டார் ஓட்டுவது அவருக்கும் எதிரில் வருபவருக்கும் ஆபத்து. தனக்கு ஒன்றும் குறையில்லை என்றே அவர் உண்மையாக நம்பலாம், வலது மூளை அடிபட்டவர்களுக்கு அப்படி ஆகும். அதனால் வாதாடி ஜெயிக்க முடியாது. சாவி தொலைந்துவிட்டது என்று பொய்யும் சொல்லாதீர்கள், தெரிய வந்தால் உங்கள் மேலுள்ள நம்பிக்கை போய்விடும். "டாக்டர் சொல்ற வரைக்கும் வேணாம்பா" என்று சொல்லிவிட்டு, அந்த முடிவை டாக்டர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பின்னால் உட்கார வைத்தும் கூட்டிப்போக வேண்டாம், இடது கையால் பிடிக்க முடியாது. மோட்டாரில் எங்கே போக நினைக்கிறார் என்று கேளுங்கள். ஒட்டுக்கடையில் கூட்டாளிகளோடு தேத்தண்ணி குடிக்கத்தான் என்றால், சாயங்காலம் அண்ணன் காரில் கொண்டுபோய் விடட்டும், ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டிவரட்டும்.